யாரு வூட்டுப் புள்ளைங்க?

மகனே, இந்தக் கடிதம் நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். எழுதினால் நடுவில் நிறுத்த முடியாது. நீயும் உன் தங்கச்சி கயலும் சிங்கப்பூர் போய் ஒரு வாரம் ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் நிறைந்த அந்தப் பெரிய பூங்காக்களைச் சுற்றிவிட்டு வரப்போகிறீர்கள் என்று நீ சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. போன வருஷம் முழுக்கக் கோர்ட்டுக்கும் வக்கீல் ஆபீஸுக்கும் அலைந்து, கட்டினவனை விட்டுப் பிரிந்து, இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அவள சிரிக்க வெச்சுக் கூட்டியாரன்ப்பா" என்று நீ சொன்னதை டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் அவள் அண்ணனும்கூட வருகிறார்கள் என்றதும், நல்லதுதான், பழகட்டும் என்று நினைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் கயல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா, அண்ணன் ஒண்ணு சொல்லச் சொல்லுது. அந்தப் பொண்ணு வூட்டுல யாராச்சும் கேட்டா, தாத்தாவுக்குப் பத்து ஏக்கர் கரும்பு இருந்துச்சின்னு சொல்லணுமாம். அது ஏற்கெனவே சொல்லிடுச்சாம். நான் மாத்திச் சொல்லிட்டா கல்யாணம் நின்னுடுமாம். நான் இன்னாப்பா சொல்லட்டும்?"

எனக்கு முதலில் வந்தது கோபம். செருப்பைக்கூடப் போடாமல் ஏரிக்கரைவரை நடந்தேன். உன்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால், மகனே, அந்தப் பொய் எனக்குப் பழக்கமான பொய். உனக்கு முன்னாலேயே, உன் வயதுகூட ஆகாதபோது, நான் அதைச் சொல்லியிருக்கிறேன். என் பக்கத்தில் அன்றைக்கு என் அக்கா நின்றிருந்தாள், உன் அஞ்சலை அத்தை. உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நடந்ததைச் சொல்ல மட்டும் வாய் இருக்கிறது. கேள்.

உன் தாத்தா சின்னக்கண்ணு கரும்பு வெட்டினவர் என்று உனக்குத் தெரியும். எப்படி வெட்டினார் என்று தெரியாது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததும், கரும்பு நிலம் வைத்திருந்த மணலூர்பேட்டை தணிகாசலம் நம் காலனிக்கு ஆள் அனுப்புவார். அப்பா பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு இருட்டோடு போவார். அடிக்கரும்பைத் தரையோடு ஒட்ட ஒரே வெட்டு, நுனியில் ஒரு வெட்டு, கட்டுக்குப் போட்டுவிடுவார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கரும்புச் சோகையின் இலை விளிம்பு கிழித்த கோடுகள் இருக்கும். மத்தியானம் தணிகாசலம் வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் இலை போட்டுச் சோறு. தின்று முடித்ததும் அவரவர் இலையை அவரவர் எடுத்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தைச் சாணி தொட்டு மெழுகிவிட்டு எழுந்திருக்க வேண்டும். நானும் எட்டு வயதிலிருந்து மெழுகியிருக்கிறேன். இந்த மெழுகலை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அக்கா படித்தாள். எங்கள் தெருவில் ஆசிரியர் பயிற்சி முடித்த முதல் பெண் அவள்தான். முடித்த கையோடு அம்மா படுக்கையில் விழுந்தாள். இரண்டு வருஷம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, ஊட்டி, நடுவில் நாற்று நடவும் போய்க்கொண்டு, அக்கா காய்ந்து போனாள். அந்தச் சித்திரையில் அம்மா செத்தாள். அதற்குப் பிறகு அக்கா பேசுவதே குறைந்துவிட்டது. அப்போதுதான் கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் அவளுக்கு வேலை வந்தது. இன்ன வியாழக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று உத்தரவில் போட்டிருந்தது. அதற்குப் பத்து நாள் இருந்தது. எனக்கு ஆலையில் சீசன் வேலை முடிந்திருந்தது. மலை ஏறிவிட்டால் இனி அவள் எப்போது இறங்குவாளோ என்று, மெட்ராஸுக்கு வெளியே கடலோரத்தில் இருந்த கேளிக்கைப் பூங்காவுக்கு அவளைக் கூட்டிப்போகத் தீர்மானித்தேன். அதே வாரம் சாலைமறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. தணிகாசலத்தின் சாதிக்காரர்கள் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறிக்கப்போகிறார்கள் என்று ஆலை வாசலிலேயே கேட்டிருந்தேன். "போற நேரமாடா இது?" என்று அக்கா கேட்டாள். "ஒரு நாளு கத்திட்டுப் பூடுவாங்கக்கா, நீ வா" என்றேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசுவது அப்போதே எனக்குக் கைவந்த கலை.

அந்தப் பூங்காவில் அவளைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உள்ளே நுழைந்ததும் அரை மணி நேரம் எதிலும் ஏறாமல் எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வளைந்த கண்ணாடிகள் வைத்த கூடத்தில் தன்னைக் குண்டுப் பெண்ணாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டா இருக்கன்" என்றாள். ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும் மின்சாரக் கார்கள் இருந்தன. அதில் உட்கார்ந்தவள் இறங்கவே இல்லை. நெற்றியில் குங்குமம் வைத்து, தங்கக் கடிகாரம் கட்டிய ஒருத்தர் பின்னாலிருந்து அவள் காரை இடித்துவிட்டு, "சாரிம்மா, அடி பட்டுச்சா?" என்று கேட்டார். கடைசியில் அக்கா இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு என்னாண்ட சாரி கேட்டாருடா" என்றாள். ராட்டினம் உச்சிக்குப் போனபோது கீழே கடல் தெரிந்தது. அக்கா கத்தினாள், சிரித்தாள், அம்மா செத்தபோது வராத அழுகையும் அங்கேதான் வந்தது. வரிசையில் மறுபடி நிற்கும்போது சொன்னாள்: "காலைலேர்ந்து ஒருத்தரும் நாம யாருன்னு கேக்கல, பாத்தியா? டிக்கெட்டு இருக்கான்னுதான் கேட்டாங்க." அவள் முகம் அப்படி இருந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு நாள் ஆசை தீரச் சுற்றினோம். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறினோம். உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே புளியமரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டிருந்தன, ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டினவரை. நூறு வருஷத்து மரங்கள். டிரைவர் இறங்கி வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். போலீஸ் சுட்டு மறியல் செய்தவர்கள் சிலர் செத்திருக்கிறார்கள், அங்கங்கே காலனிகளில் கூரைகள் எரிகின்றன என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஒன்று சொல்லவேண்டும், மகனே. மறித்தவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் அன்றைக்கும் நினைக்கவில்லை. அவர்களிலும் பெரும்பாலானவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான். ஆனால் கோபம் வந்த கூட்டத்துக்கு முன்னால் காலனி ஆள் போய் நின்றால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. இருவரும் நடந்தோம். மெயின் ரோட்டை விட்டு, களமருதூர்ப் பக்கம் உள்வழியாகப் போனால் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை மத்தியானம், களமருதூர் தாண்டி ஒரு ஊர் முகப்பில் மறித்தார்கள். மரத்தின் மேல் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இருவர் கையில் கோடாலி.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"மெட்ராஸ்லேர்ந்துங்க."

"எந்த ஊரு?"

"மணலூர்பேட்டைங்க."

"மணலூர்பேட்டையில யாரு வூட்டுப் புள்ளைங்க?"

நம் பக்கத்தில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை, உனக்குத் தெரியும். யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்பார்கள். பதில் சொன்னதும் நாம் யார் என்று தெரிந்துவிடும். அக்கா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. முந்திக்கொண்டு சொன்னேன்: "தணிகாசலம் மகன்ங்க. இது எங்க அக்கா. பத்து ஏக்கர் கரும்பு இருக்கு, ஆலையில வெட்டு உத்தரவு வந்துடும், சீக்கிரமா ஊருக்குப் போவணும்." பார்த்தாயா? பத்து ஏக்கர். நீ சொன்ன அதே பத்து.

கூட்டத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து கிட்டே வந்தார். "மணலூர்பேட்டை தணிகாசலமா? எங்க மாமன் மொறையாச்சே. அவுருக்கு நாலும் பொண்ணுன்னுல்ல சொன்னாங்க?"

"தம்பி மகன்ங்க. பெரியப்பாதான் வளத்தாரு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து தோளில் கை போட்டார். "வெய்யில்ல பொம்பளப் புள்ளய நடக்க வெச்சிக்கினு வர்றியே. வா வூட்டுக்கு. ஒரு வாய் சோறு துன்ட்டுப் போலாம்." மறுக்க வழியில்லை. மறுத்தால் சந்தேகம் வரும். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, நடந்தாள்.

ஓட்டு வீடு, சிமெண்டுத் தரை போட்ட கூடம். அப்படி ஒரு கூடத்துக்குள் அதற்கு முன் நான் கால் வைத்ததில்லை. எங்களை உட்காரவைத்து, "கவனிம்மா" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் மறுபடி ரோட்டுக்குப் போனார். அந்த அம்மா இரண்டு வாழையிலை போட்டு, சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் பரிமாறி, "நல்லா சாப்டுங்க, கூச்சப்படாதீங்க" என்றார். அக்கா சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். நான் ஒன்றரை நாள் பசியோடு அள்ளி அள்ளித் தின்றேன். பயத்தில் பசி அதிகமாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தின்று முடித்தேன். முடித்ததும், மகனே, என் கை தானாக இலையைச் சுருட்டி எடுத்தது. டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் தெளித்து இடது கையால் துடைத்தேன். குனிந்த தலை நிமிராமலே கேட்டேன்: "சாணி எங்கங்க இருக்கு?"

மோர்ச் சொம்போடு வந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். சிமெண்டுத் தரையை மெழுகச் சாணி கேட்கிற பத்து ஏக்கர்க்காரன் உலகத்தில் கிடையாது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண் என் கையில் இருந்த இலைமேல் இருந்தது. வாசல் பக்கம் ஆண்கள் குரல் கேட்டது. என் காதில் வேறு எதுவும் விழவில்லை.

அக்கா எழுந்தாள். கை கழுவவில்லை, அவள் தின்றால்தானே. "அம்மா, எங்கப்பா பேரு சின்னக்கண்ணு. தணிகாசலம் நெலத்துல கரும்பு வெட்றவரு. நாங்க காலனி. இவன் பயந்துக்கினு மாத்திச் சொல்லிட்டான். நான் டீச்சர். நாளைக்குள்ள மலையில வேலைக்குச் சேரலன்னா வேல பூடும். எங்கள இன்னா பண்ணணுமோ பண்ணுங்க" என்றாள். குரல் உயரவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

அந்த அம்மா சொம்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், "எலய அங்கியே போடு" என்றார். பிறகு அக்காவிடம், "அவரு வர்றதுக்குள்ள பின்பக்கமா கெளம்பிடு. அவரு நல்லவருதான். மத்தவங்க சும்மா இருக்க மாட்டாங்க. கரும்புக்குள்ள பூந்து நேரா போனா மோட்டார் கொட்டாய் வரும், அங்கேர்ந்து வண்டிப்பாதை கள்ளக்குறிச்சிக்குப் போவும்" என்றார். நாங்கள் கொல்லைப் படலைத் தாண்டும்போது உள்ளே வாளித் தண்ணீரைக் கூடத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. சாப்பிட்ட இடத்தை எந்த வீட்டிலும் கழுவுவார்கள். அது அந்தக் கழுவல்தானா, வேறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் எங்களை வழி காட்டி அனுப்பியது அவர்தான். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

கரும்புக்குள் பாதி தூரம் போனபோது பின்னாலிருந்து "தம்பீ! தம்பீ!" என்று அந்த மனிதரின் குரல். கூட இன்னும் ரெண்டு குரல். உட்கார்ந்துவிட்டோம். மூச்சு விட்டால்கூடச் சோகை சலசலத்தது. எதற்குக் கூப்பிட்டார்? அடிக்கவா, சாப்பாடு கட்டிக் கொடுக்கவா? ஒரு மணி நேரம் அப்படியே குந்தியிருந்தோம். அக்காவின் கன்னத்தில் சோகை கிழித்து ரத்தம் கசிந்தது. அவள் துடைக்கவில்லை. மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ரெண்டு நாளு மகாராணி மாரி வெச்சிக்கினு இருந்தியேடா. ஒரு நிமிசத்துல எங்கப்பன மாத்திட்டியே." நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை. "உன்ன மட்டும் சொல்லி இன்னா? நீ சொன்னப்போ நானும் சும்மாதான நின்னுக்கினு இருந்தன்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

குரல்கள் ஓய்ந்ததும் நடந்தோம். வழியில் ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் கிடந்துவிட்டு, வியாழக்கிழமை விடிந்ததும் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து கச்சிராயபாளையம் வரை ஒரு விறகு வண்டி, அப்புறம் மலை. அவள் செருப்பு அறுந்து வெறுங்காலோடு ஏறினாள். பள்ளியில் போய் நின்றபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். தலைமையாசிரியர் உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு விட்டிருந்தா போயிருக்கும்மா" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். இருட்டுவதற்குள் இறங்க முடியாது, நானும் அங்கேயே தங்க வேண்டும். வெளியாட்கள் தங்கினால் எழுத ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். என் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் த/பெ என்று போட்டிருந்தது. பேனா நின்றது. அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். "எழுது. நான் பாக்கறன்" என்றாள். சின்னக்கண்ணு என்று எழுதினேன். ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள். "சோறு ஆயிட்டுதாம், துன்ட்டுப் படு" என்றாள். தின்று முடித்துத் தட்டை எடுக்கப் போனேன். "வெச்சிட்டு எழுந்திரு" என்று சொல்லிவிட்டு அவளே கழுவினாள்.

அப்பா சாகிறவரை அவள் இதை அவரிடம் சொல்லவில்லை. என்னோடு பேசாமலும் இருந்ததில்லை. உன்னையும் கயலையும் அவள்தான் படிக்க வைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. உனக்கு ஆறு வயதில் கள்ளக்குறிச்சியில் பொருட்காட்சிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? "வா அத்தை, வா அத்தை" என்று நீ இழுத்தாய். அவள் நம் மூவர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றாள். "அத்தைக்குப் பயமாப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அதுவும் பொய். உன் அத்தைக்கு எந்த உயரத்திலும் பயம் கிடையாது.

உனக்கு எதிரில் கோடாலியோடு யாரும் நிற்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பிடித்த பெண் கையை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயமும் பயம்தான். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று வாக்குக் கொடுக்கவும் என்னால் முடியாது. பெண் வீட்டார் விலகிப் போய்விடலாம். போனால் உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கும். ஆனால் நீ சொல்கிற பொய்யை நீ மட்டும் சுமக்கப் போவதில்லை. கயல் உன் தங்கச்சி. நீ கேட்டால் சொல்லிவிடுவாள். உன்மேல் உள்ள பாசத்தில் ஒரு வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஏற்கெனவே ஒரு வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்து இருந்துதான் அவள் இப்படி ஆனாள். சிரிக்கவைக்கக் கூட்டிப்போகிற இடத்திலும் அவளைச் சும்மா நிற்க வைத்துவிடாதே.

அவளிடம் நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. "உங்கண்ணன் போன் பண்ணுவான். அதுவரைக்கும் துணி அடுக்காத" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ வாங்கி அனுப்பின அந்த நீலப் பெட்டி அவள் கட்டில்மேல் திறந்தபடி காலியாகக் கிடக்கிறது. எனக்குப் போன் பண்ண வேண்டாம். அவளுக்குப் பண்ணு.

இப்படிக்கு,
சின்னக்கண்ணு மகன்,
உன் அப்பா.